சரளமா வாசிக்கிறான்... ஆனா புரியலையே!

‘பையன் அஞ்சாம் கிளாஸ். புஸ்தகத்தைக் கையில கொடுத்தா கடகடன்னு வாசிக்கிறான். மூடி வெச்சுட்டு, என்னடா படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்!’

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கும் அம்மாவும் இதைத்தான் சொல்கிறார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அப்பாவும், பூந்தமல்லியில் ட்யூஷன் எடுக்கும் அக்காவும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, ‘கவனமே இல்லை’, ‘திமிரு’, ‘ஞாபக சக்தி கம்மி’ என்று ஆளுக்கொரு காரணமும் சொல்வார்கள். சிலர் ஞாபக சக்திக்கு டானிக் இருக்கிறதா என்று மெடிக்கல் ஷாப்பில் விசாரிக்கவும் கிளம்பிவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறை ஞாபக சக்தியில் இல்லை. வாசிப்பது ஒரு திறமை என்றால், வாசித்ததைப் புரிந்துகொள்வது வேறொரு திறமை. முதலாவதை ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டாவது ‘தானா வந்துடும்’ என்று விட்டுவிடுகிறோம். பல பிள்ளைகளுக்கு அது தானாக வருவதில்லை. ஆனால் கற்றுக் கொடுத்தால் வரும். எப்படிக் கற்றுக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நாலாம் வகுப்பில் என்ன மாறுகிறது?

மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நாலாம் வகுப்பிலிருந்து, வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், கணக்கு எல்லாமே பத்தி பத்தியாக வரும். படம் குறையும், புதுச் சொற்கள் கூடும், வாக்கியம் நீளும். அதுவரை நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று சறுக்குவது இங்கேதான். அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் இதற்கு ‘நாலாம் வகுப்புச் சரிவு’ என்றே பெயர் வைத்தார்.

ஒரு சின்ன கணக்கைப் பாருங்கள். ‘ஆவடியில் புறப்பட்ட பஸ்ஸில் 48 பேர் இருந்தார்கள். அம்பத்தூரில் 15 பேர் இறங்க, 9 பேர் ஏறினார்கள். இப்போது பஸ்ஸில் எத்தனை பேர்?’ கூட்டலும் கழித்தலும் நன்றாகத் தெரிந்த பிள்ளை 48, 15, 9 மூன்றையும் கூட்டி 72 என்று எழுதிவிட்டு வருகிறது. ‘கணக்கு வரலை’ என்று நாம் கணக்கு ட்யூஷன் வைக்கிறோம். வராதது கணக்கு இல்லை. ‘இறங்க’ என்ற சொல்லுக்குள் கழித்தல் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதையும் இல்லை. ‘ஏசர்’ என்ற பெயரில் கிராமப்புறங்களில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு வீடாகப் போய், இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்ன கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தமிழகக் கிராமங்களில் அதை வாசித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 100-க்குச் சுமார் 40 பேர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 2022-ல் அது சுமார் 25 ஆக இறங்கியது. 2024-ல் மறுபடி ஏறியிருக்கிறது என்பது ஆறுதல். இதுவும் வாசிக்க முடிகிறதா என்ற கணக்குதான். புரிந்ததா என்பது அதற்கும் அடுத்த படி.

இந்தப் படியில் வழுக்கிய பிள்ளையை ஆறாம் வகுப்பில் பெரும்பாலும் யாரும் உட்காரவைத்து மறுபடி வாசிக்கச் சொல்லித் தருவதில்லை. நாளாக ஆக ‘நான் மக்கு’ என்று அதுவே முடிவு கட்டிவிடும். அதனால்தான் 9, 10, 11 வயதில் கவனிக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்

செலவே இல்லாமல் நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் பிள்ளை இதுவரை படிக்காத இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியைப் பிள்ளையே வாசிக்கட்டும். நாலு கேள்வி கேளுங்கள். இரண்டாவது பத்தியை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். அதிலும் நாலு கேள்வி.

நீங்கள் வாசித்தபோது டக் டக்கென்று பதில் சொல்லி, தானே வாசித்தபோது தடுமாறினால், சிக்கல் எழுத்தில். எழுத்துக் கூட்டுவதிலேயே மூளையின் சக்தி முழுக்கச் செலவாகிறது, பொருளுக்கு மிச்சம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது சரளமாக வாசிக்கும் பயிற்சி. 

நீங்கள் வாசித்தபோதும் பதில் வரவில்லையா? அப்படியானால் சிக்கல் சொல்லில், மொழியில். இந்தப் பிள்ளையை எத்தனை முறை சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. பேச்சும் கதையும் சொற்களும்தான் வேண்டும்.

1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தை வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யம் வந்தால் விடை என்ன? பூஜ்யம்தானே!

உடம்பையும் கவனியுங்கள்

பாடத்துக்குப் போவதற்கு முன் உடம்பு. கீழே உள்ளவற்றை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கண்: புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, வரியைத் தவறவிடுவது, படித்த கொஞ்ச நேரத்தில் தலைவலி என்பது, கண்ணைக் கசக்குவது... இதில் எது இருந்தாலும் கண் பரிசோதனை அவசியம். கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று பெண் பிள்ளைகளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

காது: கூப்பிட்டால் ‘ஆங்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, அடிக்கடி சளி பிடித்துக் காது அடைப்பது. சரியாகக் கேட்காத பிள்ளைக்குச் சொற்கள் சேராது.

ரத்தசோகை: வெளுத்த முகம், சீக்கிரம் களைத்துப் போவது, கவனம் நிற்காமல் போவது. ஒரு எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக இரும்புச்சத்து மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் தாராளமாகக் கொடுக்கலாம்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ராத்திரி 11 மணி வரை செல்போன், காலையில் 6 மணிக்கு வேன் என்றால் எந்தப் பத்தி மண்டையில் ஏறும்?

காலைச் சாப்பாடு: வெறும் வயிற்றில் கவனம் நிற்காது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்து 2023-ல் மாநிலம் முழுக்க விரிந்தது. தனியார் பள்ளிப் பிள்ளை அவசரத்தில் அரை டம்ளர் பாலோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறுகிறது, எழுத்துகளை மாற்றி வாசிக்கிறது, வாயால் கேட்டால் புத்திசாலித்தனமாகப் பதில் சொல்கிறது என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். இது நோய் இல்லை, மந்த புத்தியும் இல்லை. மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில் ஒரு வித்தியாசம். தனிப் பயிற்சியால் நன்றாக முன்னேறலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் ஆரம்பத்திலிருந்தே இதற்காக வேலை செய்துவருகிறது. 2016-ம் வருஷ மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. குழந்தை நல மருத்துவரிடம் காட்டி முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டால் போதுமா?

‘தினமும் உட்காரவெச்சுக் கேள்வி கேக்கறேனே!’ என்கிறீர்களா? கேள்வி கேட்பது பரீட்சை. அது கற்றுக் கொடுப்பது ஆகாது.

1970-களின் கடைசியில் டொலோரஸ் டர்க்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியை, பள்ளிகளில் வாசிப்பு வகுப்பு எப்படி நடக்கிறது என்று போய் உட்கார்ந்து பார்த்தார். கையில் கடிகாரத்தோடு 4,469 நிமிடங்கள் பார்த்தாராம். எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் நிஜமாகச் சொல்லிக் கொடுத்தது எவ்வளவு நேரம் தெரியுமா? வெறும் 20 நிமிடம். மீதி நேரத்தில் கேள்வி கேட்டார்கள், பதில் சரியா தப்பா என்று சொன்னார்கள், அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

நம் வீடுகளிலும் அதே கதைதான். நீச்சல் தெரியாத பிள்ளையை ஏரியில் இறக்கிவிட்டு, ‘எவ்வளவு தூரம் போனே?’ என்று கேட்கிற மாதிரி! சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்துக்கும் சேர்த்து நம்ம ஊர் விஷயமாகவே ஒரு சின்ன பத்தியை எடுத்துக்கொள்வோம்.

பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் இதுவும் ஒன்று. இதன் முழு ஆழம் 24 அடி. வடகிழக்குப் பருவமழையின்போது நீர்மட்டம் உயர்வதால் அதிகாரிகள் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். ஏரி முழுவதும் நிரம்பும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே மதகுகளைத் திறந்து உபரி நீரை அடையாற்றில் விடுகிறார்கள். அதற்கு முன்பாகக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்படுகிறது.

வழி 1: வாய்விட்டு யோசியுங்கள்

நாம் வாசிக்கும்போது மனதுக்குள் எத்தனையோ நடக்கிறது. பிள்ளைக்கு அது தெரியாது. வாசிப்பு என்றால் வரியின் மேல் கண் ஓடுவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் நீங்கள் யோசிப்பதை வெளியே சொல்லிக் காட்டுங்கள். இப்படி:

‘உபரி நீர்... உபரின்னா என்ன? தேவைக்கு மேல இருக்கறது. அப்ப ஏரி தாங்காத தண்ணி, சரி. அதற்கு முன்பாகன்னு போட்டிருக்கே, எதுக்கு முன்னாடி? மேல் வரியைப் பார்ப்போம். ஓ, மதகைத் திறக்கறதுக்கு முன்னாடி! காத்திருக்காமல்னா காத்திருக்காங்களா, இல்லையா? இல்லை. ஆமல்னு முடிஞ்சா இல்லைன்னு அர்த்தம்.’

அவ்வளவுதான். நீங்கள் எங்கே நின்றீர்கள், எதற்காக மேல் வரிக்குத் திரும்பிப் போனீர்கள் என்பதைப் பிள்ளை பார்க்கட்டும். புரியாத இடத்தில் நிற்கலாம், திரும்பிப் போகலாம், அது தப்பில்லை என்று தெரிவதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. இரண்டு மூன்று நாள் நீங்கள் செய்துகாட்டுங்கள். பிறகு, ‘இந்த வரியை நீ யோசிச்சுக் காட்டு’ என்று கொடுத்துவிடுங்கள்.

வழி 2: நாலு வகைக் கேள்வி

எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. டாஃபி ரஃபேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980-களில் சொல்லிக் கொடுத்த வகைப்பாடு இது.

அங்கேயே இருக்கும் பதில்: ‘ஏரியின் முழு ஆழம் எவ்வளவு?’ விரல் வைத்துக் காட்டலாம்.

சேர்த்துப் பார்க்கும் பதில்: ‘மதகு திறக்கும் முன்னாடி என்னென்ன நடக்குது?’ இரண்டு மூன்று வரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

ஊகிக்கும் பதில்: ‘குடிநீர் தர்ற ஏரிதானே, முழுக்க நிரம்பட்டும்னு ஏன் விடலை?’ பத்தியில் நேராக எழுதவில்லை. கனமழை வந்து ஒரேயடியாகத் திறந்தால் ஆற்றில் வெள்ளம் போகும் என்று பிள்ளையே முடிச்சுப் போட வேண்டும்.

உன்னிடம் இருக்கும் பதில்: ‘நம்ம தெருவுல தண்ணி ஏறினா முதல்ல எதை எடுத்து மேல வெப்பே?’ 

பரீட்சையில் வருவது பெரும்பாலும் முதல் வகை. அதனால் நாமும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதி மார்க் வாங்கும் தந்திரம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. புரியாமலே முழு மார்க் வாங்க முடியும்! மூன்றாவது வகைக் கேள்வியைத் தினம் ஒன்றாவது கேளுங்கள். பதில் சொன்னதும், ‘எதை வெச்சு அப்படிச் சொல்றே? காட்டு’ என்று கேட்க மறக்காதீர்கள்.

வழி 3: நாலு பேர், நாலு வேலை

லீவு நாளில் வீட்டில் பிள்ளைகள் சேர்ந்தால் இதை விளையாட்டாகவே நடத்தலாம். பாலின்சர், பிரவுன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட முறை. எழுத்தைத் தடையில்லாமல் வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சுமார் 20 நாள் இதைச் செய்து பார்த்தார்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

ஒரு பத்தி வாசித்ததும் ஒருவர் சுருக்கம் சொல்ல வேண்டும். ஒருவர் டீச்சர் மாதிரி கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் புரியாத சொல்லையோ வரியையோ பிடித்துத் தெளிவுபடுத்த வேண்டும். ஒருவர் அடுத்த பத்தியில் என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு வேலை மாறும். ஆள் குறைந்தால் அம்மாவும் தாத்தாவும் சேர்ந்துகொள்ளலாம். தாத்தா தப்பாக ஊகித்தால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

ஆரம்பத்தில் சுருக்கம் என்ற பெயரில் பத்தியை அப்படியே ஒப்பிப்பார்கள். ‘பத்து வார்த்தைக்குள்ள சொல்லு’ என்று விரல் விட்டு எண்ணுங்கள். ‘வெள்ளம் வராம இருக்க ஏரித் தண்ணியை முன்னாடியே கொஞ்சம் திறந்துவிடறாங்க’ என்று வந்துவிட்டால் வெற்றி.

வழி 4: மன வரைபடம்

இது நம் அரசுப் பள்ளிகளுக்குப் பழக்கமான விஷயம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் மாநிலத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. அதைத் தொடர்ந்து மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. பிள்ளைகள் பாடத்தைத் தாங்களே வாசித்து, புரியாத சொல்லை அடிக்கோடிட்டு, மன வரைபடம் போட்டு, குழுவாகத் தொகுத்து, வகுப்பு முன்னால் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் படித்த அண்ணன், அக்கா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

செய்வது சுலபம். தாளின் நடுவில் ‘செம்பரம்பாக்கம் ஏரி’ என்று எழுதி வட்டம். அதிலிருந்து கிளைகள். ஒன்று ‘எதற்குப் பயன்’, ஒன்று ‘எவ்வளவு ஆழம்’, ஒன்று ‘மழைக்காலத்தில்’. மழைக்காலக் கிளையிலிருந்து கண்காணிப்பு, எச்சரிக்கை, மதகு, அடையாறு என்று வரிசையாக அம்புக்குறி. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துப் பாடத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. படத்தை நீங்கள் போட்டுக் கொடுத்துக் காப்பி அடிக்கச் சொன்னால் பலன் இல்லை. எதற்குப் பக்கத்தில் எதைப் போடுவது என்று யோசிக்கிற அந்த நேரம்தான் பாடம். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை போட்டதாக இருக்கட்டும்.

வழி 5: உலகத்தைக் காட்டுங்கள்

1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாரான, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பது புரியும். கிரிக்கெட் பைத்தியமான உங்கள் பிள்ளை விளையாட்டுப் பக்கத்தை எப்படி மேய்கிறது என்று பார்த்தாலே தெரியுமே!

நம் ஏரிப் பத்தியையே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறக்காது. இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வெள்ளம் நினைவிருக்க வழியில்லை. நீங்கள் ‘மதகு திறப்பு’ என்று வாசித்ததும் அடிவயிறு கலங்குகிறது. பிள்ளைக்கு அது வெறும் இரண்டு சொல். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும்.

நம்ம பக்கத்திலேயே எவ்வளவோ இருக்கிறது. ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை ஏன் வந்தது? 1955-ல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு பாடப் புத்தகத்தில் ஏன் வருகிறது? ‘பூவிருந்தவல்லி’ என்று போர்டில் இருப்பதை நாம் ஏன் ‘பூந்தமல்லி’ என்கிறோம்? பட்டரவாக்கம், கொரட்டூர், திருமுல்லைவாயல் என்று ரயில் ஸ்டேஷன் பெயர்களில் ‘பாக்கம்’, ‘வாக்கம்’, ‘வாயல்’ வருவது எதனால்? ரயிலில் போகும்போது பேசுங்கள். இப்படிப் பேசிய பேச்சு, நாளைக்கு வாசிக்கும்போது துணைக்கு வரும்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல்

வீட்டில் நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். ‘தண்ணி ஏறுது’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘நீர்மட்டம் உயர்வதால்’ என்ற இடத்தில் தடுக்கி விழுகிறது. அதனால் புத்தக வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அருமையான பயிற்சி இது. நேரே புரிந்தால்தான் மாற்ற முடியும். ‘பேச்சுத் தமிழ்ல சொல்லாதே’ என்று அதட்டாதீர்கள். புரிந்துகொள்ளும்போது வீட்டுத் தமிழ், எழுதும்போது புத்தகத் தமிழ். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் நம் வேலை.

இன்னொன்று, தமிழில் சொல்லின் வால் ரொம்ப முக்கியம். ‘உயர்வதால்’ என்றால் காரணம், ‘உயர்ந்தால்’ என்றால் நிபந்தனை, ‘உயர்ந்தாலும்’ என்றால் கதையே வேறு! வேகமாக வாசிக்கும் பிள்ளை தலையைப் பார்த்துவிட்டு வாலை விட்டுவிடும். ‘ஆல், ஆலும், ஆமல், ஆகவே, ஆனால்’ இந்த ஐந்தையும் கலர் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள்.

தெலுங்கோ, உருதுவோ, இந்தியோ வீட்டுமொழியாக இருக்கும் குடும்பங்கள் ஆவடி, அம்பத்தூரில் நிறைய. அவர்கள் பாடத்தை வீட்டுமொழியிலேயே பேசி விளக்கலாம். எந்த மொழியில் புரிந்தாலும் அது புரிந்ததுதான். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் இதேதான். ‘ஸ்டைலா வாசிக்கிறாளே’ என்று மயங்கிவிடாமல், வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளியில் என்ன கிடைக்கிறது?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். ‘அரும்பு’ என்று சொன்னால் அவமானம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பள்ளிக் கல்வித் துறை நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, அதற்கு மேல் ‘தேன்சிட்டு’ என்று சிறுவர் இதழ்களை 2022-ல் ஆரம்பித்தது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்ன புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாக வந்திருக்கின்றன. பள்ளியில் பூட்டி வைத்திருந்தால், பெற்றோர் கூட்டத்தில் கேட்டுத் திறக்க வையுங்கள். கிளை நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் கார்டு போட்டுக் கொடுங்கள்.

தினம் 20 நிமிடம் போதும்

திங்கள்: வாய்விட்டு யோசித்தல். ஒரே ஒரு பத்தி.
செவ்வாய்: நாலு வகைக் கேள்வி. பிள்ளை கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள்.
புதன்: புத்தகத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றுதல்.
வியாழன்: மன வரைபடம்.
வெள்ளி: கணக்குப் புத்தகத்தில் இரண்டு வாக்கியக் கணக்கு. விடை வேண்டாம், என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லட்டும்.
சனி: நாலு பேர் விளையாட்டு.
ஞாயிறு: பிள்ளைக்குப் பிடித்த எதையாவது வாசிக்கட்டும். நீங்கள் கேள்வியே கேட்கக் கூடாது!

இதெல்லாம் வேண்டாமே...

* வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்துப் பிழைக்கும் குறுக்கே பாயாதீர்கள். பொருள் மாறினால் மட்டும் நிறுத்துங்கள்.
* ‘இன்னும் பத்து தடவை படி’ என்று தண்டனை கொடுக்காதீர்கள். புரியாததைப் பத்து தடவை வாசித்தாலும் புரியாது.
* நோட்ஸைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 
* அக்காவோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.
* அடிக்கவே அடிக்காதீர்கள். பயந்த மனசில் பத்தி ஏறாது.

‘நாங்களே அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சோம், எங்களால முடியுமா?’ என்று தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ‘இன்னிக்கு என்ன பாடம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல, ‘அது ஏன் அப்படி?’ என்று நடுவில் ஒரு கேள்வி போடுங்கள். பதில் தெரியாமல் பிள்ளை ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டுகிறதா? அதுதான் வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பருவம் பொறுமையாகச் செய்து பாருங்கள். ‘அம்மா, இந்த வரி எனக்குப் புரியலை’ என்று பிள்ளையே வந்து கேட்கிற நாள் வரும். எது புரியவில்லை என்று தெரிந்துவிட்டதே, இனி கவலை இல்லை!